போட்டோவின்மேல் பென்சில்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், குடும்பப் புகைப்படங்களின்மேல் வரைந்து நினைவையும் மறதியையும் பேசும் படைப்புகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் செய்துபார்க்க உட்கார்ந்தவர்களின் கேள்விகளைத்தான் இங்கே முதலில் எடுத்துக்கொண்டோம். ‘இதெல்லாம் கலையா?’ என்று கேட்டவருக்கும் நடுவில் பதில் உண்டு.

தாத்தா பாட்டியின் கல்யாணப் படம், 1962-இல் ஸ்டுடியோவில் எடுத்தது. பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுத்து அதன்மேலேயே வரையலாமா?
– வாசகி, கும்பகோணம்

பிரிக்கவும் வேண்டாம், அதன்மேல் வரையவும் வேண்டாம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் காகிதத்தில் இல்லை. காகிதத்தின்மேல் பூசிய ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளித் துகள்களாக இருக்கிறது. மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் இறுகிவிடும். இழுத்தீர்களானால் பாட்டியின் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் காகிதம் மிஞ்சும். தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையவே செய்யும். அந்தப் பரீட்சை வேண்டாம்.

கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். பின்பலகையைக் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து ஸ்கேனரில் வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். பிரின்டரோடு சேர்ந்து வரும் ஒல்லி ஸ்கேனர்கள் தன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பார்க்கும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் படம் மங்கலாக விழும். சற்றுத் தள்ளியிருப்பதையும் கூர்மையாகப் பார்க்கும் சிசிடி வகைத் தடித்த ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கேமராவால் எடுங்கள்: படம் சுவரில் நேராக, வெளிச்சம் பக்கத்து ஜன்னலிலிருந்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி. துணி இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகமும் பதியும்.

அளவு: அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் இருக்கும் குட்டிப் படங்களுக்கு 1200 வையுங்கள். ஒன்பது அங்குலம் வரை பெரிதாக்கி அச்சிடத் தாங்கும். பழைய படங்களின் ஓரத்திலும் இருண்ட பகுதிகளிலும் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு ஒன்று தெரியும். உள்ளிருக்கும் வெள்ளி மேலே வந்து படிந்திருப்பது அது. கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அறுபது வருஷம் அந்தப் படத்தின்மேல் போட்ட கோடு அது.

அச்சிடும்முன் படத்தின் கறுப்பை அடர்சாம்பல் அளவுக்கு வெளுக்கவிடுங்கள். முழுக்கறுப்பாக இருந்தால் பென்சில் கோடு அதில் மூழ்கிவிடும்.

லேபில் போட்ட பிரின்டில் பென்சில் வழுக்குகிறது. வாட்டர்கலர் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. வீட்டுப் பிரின்டரில் எடுத்ததில் தண்ணீர் பட்டதும் முகமே கரைந்தது. எந்தப் பேப்பர் வாங்க?
– வாசகர், கோயம்புத்தூர்

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்று, மூன்றாவதற்கு வேறு. லேப் பிரின்டின் காகிதம் இரண்டு பக்கமும் பாலிஎதிலீன் பூசியது. நிறம் அதற்குமேல் ஒரு படலமாக இருக்கிறது. காகித நார் வெளியே தெரிவதே இல்லை, பென்சில் எதைப் பிடிக்கும், தண்ணீர் எதில் ஊறும்? வீட்டு இங்க்டேங்க் பிரின்டர்களில் பெரும்பாலும் வண்ண மைகள் சாய வகை, தண்ணீரில் கரையும். ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிஷம் கழித்து ஒற்றியெடுத்தாலே தெரிந்துவிடும்.

கோட்டுக்கும் நீர்வண்ணத்துக்கும் சரியான வழி, பருத்திக் கூழில் செய்த மேட் ஆர்ட் பேப்பரில், தண்ணீரில் கரையாத நிறமி மையால் அச்சிடுவது. ‘ஆர்க்கைவல் பிரின்ட்’ என்று கேட்டால் பெரிய நகரங்களில் போட்டுத்தருகிறார்கள். தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாக்கில் இருந்தால் ஈரத்தில் சுருளாது. விலை கூடுதல்தான், பழகும்போது அதில் கைவைக்க வேண்டாம்.

பழக ஜெராக்ஸ் கடை போதும். அங்கே உருவாகும் படம் மையல்ல, சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பொடி. தண்ணீருக்கு அசையாது. கார்ட்ரிட்ஜ் தாளைக் கையோடு கொண்டுபோய் அதிலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். 150 ஜிஎஸ்எம் வரை பெரும்பாலான மெஷின்கள் ஒற்றைத் தாளாக விட்டால் ஏற்றுக்கொள்ளும்.

கையிலிருக்கும் லேப் பிரின்டிலேயே வரைந்தாக வேண்டுமென்றால், கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சில், பெர்மனென்ட் மார்க்கர், அக்ரிலிக் ஆகிய மூன்றும் பிடிக்கும். அக்ரிலிக்குக்கு முன்னால் நிறமில்லாத ஜெஸோவை (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு பூச்சு மெல்லிசாக இழுத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தோலாக உரிந்து வரும்.

80-களில் எடுத்த எங்கள் கலர் படங்கள் எல்லாம் சிவந்துபோய்விட்டன. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், மதுரை

அந்தக் காலத்துக் கலர் காகிதத்தில் மூன்று சாயங்களில் முதலில் தளர்வது நீலப்பச்சை. பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் அது மங்கும். மிச்சமிருக்கும் கருஞ்சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எல்லோரையும் சிவக்க வைத்துவிடும். போன சாயம் திரும்ப வராது. ஸ்கேன் செய்து நிறத்தைச் சரிக்கட்டலாம், ஆனால் உங்கள் நோக்கம் அதுவல்லவே.

சாய அடுக்குகளையே வரையும் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். லேப் காகிதத்தில் மேலே நீலப்பச்சை, நடுவில் கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள் என்று மூன்று படலங்கள். ஸ்கேன் செய்த கோப்பிலிருந்து புதுப் பிரின்ட் ஒன்று போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, தையல் ஊசியின் மழுங்கிய பக்கத்தால் இருண்ட இடத்தில் கீறுங்கள். முதல் அழுத்தத்தில் சிவப்புக் கோடு, இன்னும் அழுத்தினால் மஞ்சள், அதற்கும் கீழே வெள்ளை. கையின் கனத்தை வைத்தே மூன்று நிறத்தில் வரையலாம். வெந்நீர் ஆகாது, படலம் மொத்தமாகக் கழன்று வரும். அரைமணி நேரத்துக்குமேல் ஊறினாலும் அதே கதி.

லேபில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது பல கடைகளில் இங்க்ஜெட் மெஷின்தான்; அதில் இந்த அடுக்கு கிடையாது, கீறினால் நேரே வெள்ளைதான் வரும். ரசாயனத்தில் கழுவிய காகிதம்தான் வேண்டும். ஓரத்தை நனைத்து ஒரு கீறல் போட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

நல்ல போட்டோவைக் கிறுக்கிக் கெடுப்பதற்குக் கலை என்று பெயரா?
– வாசகர், சேலம்

கெடுப்பதும் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் போட்டோவின்மேல் தூரிகை வைப்பது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே நம் நாட்டு ஸ்டுடியோக்கள் மன்னர்களின் படங்களில் நகைக்கும் சரிகைக்கும் தங்கம் தீட்டிக் கொடுத்தன. அழகுபடுத்துவது அன்றைய நோக்கம்.

இன்றைய நோக்கத்துக்கு ஒரு நல்ல உதாரணம், மகாராஷ்டிரத்தின் டஹாணு பகுதியிலுள்ள கஞ்சாட் கிராமத்தில் 2013-இல் தொடங்கிய கூட்டுப்பணி. புகைப்படக் கலைஞர் கௌரி கில் அந்த நிலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்த ஊர்க்காரரான வார்லி பழங்குடி ஓவியர் ராஜேஷ் வாங்கட் அந்தப் படங்களின்மேல் மையால் வரைந்தார். கேமராவுக்கு அகப்பட்டது வயலும் மலையும். அங்கே நடந்தவை, அங்கே இருந்த மரங்கள், தெய்வங்கள் எல்லாம் கோட்டில் வந்தன. போட்டோவால் காட்ட முடியாததை மட்டும் வரைவது என்பது அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க விதி. முகத்துக்கு மீசை வரைவதும் வானத்தில் பூ வரைவதும் அந்த விதியில் அடங்காது.

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வேறு வழி. தன் குடும்பப் படங்கள் உட்படச் சாதாரண லேப் பிரின்டுகளை, மிச்ச வண்ணம் ஒட்டியிருக்கும் பலகையில் வைத்து இழுத்துவிடுவார். வண்ணம் எங்கே விழுமோ அங்கே படம் மறையும். பார்க்க எளிதாகத் தெரிகிறதே என்று நினைப்பவர்கள் ஐம்பது பிரின்ட் போட்டு இழுத்துப் பார்க்கட்டும்.

இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டுக்கு ஒரே ஒரு போட்டோதான் இருக்கிறது. முற்றத்தில் ஒரு தூணும் கொஞ்சம் தரையும் மட்டும் தெரியும். மீதி வீட்டைச் சுற்றி வரைய ஆசை. வரைந்தால் போட்டோவோடு சேரவில்லை, தனியாக நிற்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

சேராததற்குக் காரணம் அநேகமாகக் கண்மட்டம், அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரம். போட்டோவுக்கு ஒரு கண்மட்டம் இருக்கிறது, உங்கள் கோட்டுக்கு இன்னொன்று.

படத்தை 6×4 அங்குலத்தில் 16×24 அங்குல மேட் தாளின் நடுவில் அச்சிட்டு வாங்குங்கள். தனியாக அச்சிட்டு ஒட்டினால் விளிம்பின் தடிமன் கண்ணை உறுத்தும். தரையில் கட்டம் போட்ட கோடுகள் இருந்தால் அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, 2எச் பென்சிலும் நீள ஸ்கேலும் வைத்துப் போட்டோவுக்கு வெளியேயும் நீட்டுங்கள். நிஜத்தில் இணையாக ஓடும் கோடுகள் தாளில் ஓரிடத்தில் சந்திக்கும். அந்தப் புள்ளி வழியாகப் படுக்கையாக ஒரு கோடு, அதுதான் கண்மட்டம். தரைக்கோடு சரியாகத் தெரியாவிட்டால் தூணின் அடிப்பீடம், உத்தரம், ஜன்னல் சட்டம் என்று எதையாவது பிடியுங்கள். அதே திசையில் ஓடும் மற்றெல்லாக் கோடுகளும், நீங்கள் நினைவிலிருந்து வரையும் திண்ணையும் மாடிப்படியும் உள்பட, அந்தப் புள்ளிக்கே போக வேண்டும். வேறு திசைச் சுவருக்கு வேறு புள்ளி, ஆனால் அதே கண்மட்டத்தில்.

பழைய இரட்டை லென்ஸ் கேமராக்களை மார்புக்கோ வயிற்றுக்கோ நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். ஆகவே அந்தப் படங்களில் கண்மட்டம் தாழ்ந்து கிடக்கும். ஏழெட்டு வயதில் அந்த முற்றத்தில் நின்ற உங்கள் கண்ணும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும். வயதுவந்தவர் உயரத்திலிருந்து வரைந்தால் சேராதது நியாயம்தானே.

இன்னொரு யோசனை. வரைய ஆரம்பிக்கும்முன் போட்டோவை ஒரு வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, அந்த முற்றத்தை ஞாபகத்திலிருந்து ஒருமுறை வரையுங்கள். பிறகு பட்டர் பேப்பரைப் போட்டோமேல் போட்டு ஒப்பிடுங்கள். தூண் இரண்டு என்று வரைந்திருப்பீர்கள், படத்தில் ஒன்றுதான் இருக்கும். கதவு வலதில் என்று நினைத்தது இடதில் இருக்கும். திருத்தாதீர்கள். இரண்டு கோட்டையும் தாளில் விடுங்கள், ஒன்று மையிலும் ஒன்று பென்சிலிலும்.

தெரியாத இடத்தை நிரப்ப வேண்டியதில்லை. சமையலறைச் சுவர் எந்தப் பக்கம் என்று நினைவில்லையென்றால் கோட்டை அங்கே நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் தூளில் போட்டோ எடுக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? நிற்குமா?
– வாசகி, ஈரோடு

ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். எடுக்கலாம், நிற்காது. நிற்காது என்பதற்காகவே இதைச் செய்கிறார்கள். தாவரச் சாறுகள் வெயிலில் வெளுப்பதைக் கொண்டு படம் எடுக்கும் இந்த முறையை ஜான் ஹெர்ஷல் 1842-இல் எழுதிவைத்தார். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதற்கு மிகச் சுறுசுறுப்பான பொருள்.

விரலி மஞ்சள் தூள் இரண்டு டீஸ்பூன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 50 மில்லி. ஆல்கஹால் மருந்துக்கடையில் கிடைக்கும். தண்ணீரில் குர்குமின் கரையாது என்பதால் தண்ணீரில் கலக்கிப் பயனில்லை. கலக்கிப் பத்து நிமிஷம் வைத்து, இருமடிப்புப் பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. வாட்டர்கலர் தாளில் ஸ்பாஞ்ச் தூரிகையால் ஒரு திசையில் ஒரு பூச்சு, காய்ந்ததும் குறுக்காக இன்னொன்று. ஜன்னல் மூடிய அறையில் சாதாரண பல்பு வெளிச்சத்தில் செய்யலாம்.

படத்தை ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சிட்டு வாங்குங்கள், நெகட்டிவாக அல்ல, உள்ளபடியே. வெயில் பட்ட இடம் வெளுக்கும், கறுப்பின் நிழலில் ஒளிந்த இடம் மஞ்சளாக நிற்கும். ஓவியம் உள்ளே வருவது இந்தக் கட்டத்தில். கறுப்பு மார்க்கரால் ஷீட்டின்மேலேயே வரையுங்கள். போட்டோவும் கோடும் ஒரே வெயிலில் ஒரே நிறத்தில் பதியும். எது கேமரா, எது கை என்று பிரிக்க முடியாது. தாளின்மேல் ஷீட், அதன்மேல் கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப். காலை பத்து மணியிலிருந்து கோடை வெயிலில் ஒன்று முதல் மூன்று மணி நேரம். ஒரு பக்கக் கிளிப்பை மட்டும் கழற்றி ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்; நான்கையும் கழற்றினால் ஷீட் நகர்ந்து இரட்டை உருவம் விழும்.

எடுத்த படம் வெளிர்மஞ்சளில் சோகையாக இருக்கும். கால் லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வெங்காரம் (போராக்ஸ்) கரைத்து அதில் சில நொடிகள் முக்குங்கள். மஞ்சள் செம்பழுப்பாகும், உருவம் எழுந்து வரும். குங்குமம் செய்யும் வீடுகளில் தெரிந்த சங்கதிதான். அங்கே சுண்ணாம்பு, இங்கே வெங்காரம்.

எங்கே தவறும்? கஸ்தூரி மஞ்சளில் குர்குமின் மிகக் குறைவு, படம் வராது. சாயம் கலந்த பாக்கெட் தூள் ஒழுங்காக வெளுக்காது. திட்டுத்திட்டாக இருந்தால் பூச்சு சீராக இல்லை. கோடு மங்கலாக இருந்தால் ஷீட்டின் அச்சிட்ட பக்கம் தாளைத் தொடவில்லை.

முடிந்த படத்தை நிலைநிறுத்த எந்த மருந்தும் இல்லை. சுவரில் மாட்டினால் வாரக்கணக்கில் மங்கத் தொடங்கும். புத்தகத்துக்குள் வைத்தால் நீண்ட நாள் தாங்கும். யார் எப்போது திறந்து பார்க்கிறார்களோ அந்த அளவுக்கு அழியும். வேறு எந்தப் படத்துக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு நேராகப் பொருந்தாது.

சயனோடைப் செய்கிறேன். நீலம் வெளிறிப்போகிறது. அதையே அழித்து வரைய முடியும் என்று கேள்விப்பட்டேன்.
– மாணவர், சென்னை

மற்றவர்களுக்காக: சயனோடைப் என்பது இரும்பு உப்புகள் பூசிய தாளை வெயிலில் வைத்து நீலத்தில் படம் எடுக்கும் முறை. வெளிறுவது அநேகமாகத் தண்ணீரால். இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் அது உண்டு. முதல் கழுவலில் ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் வினிகர் விடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். கரைசலில் இருக்கும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடோடு கடும் அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு வரும். கரைசல் அளவு சரிதானா என்றும் பாருங்கள்: பச்சை ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லியில், ஃபெர்ரிசயனைட் 10 கிராம் வேறொரு 100 மில்லியில், பூசுவதற்குச் சற்று முன்னால் சம அளவு கலக்க வேண்டும். மஞ்சளுக்கு நேர்மாறாக இதற்கு நெகட்டிவ் ஷீட் வேண்டும்.

அழித்து வரைவதும் அதே பலவீனத்தை வைத்துத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடா கரைத்து, நன்றாகக் காய்ந்த நீலப் படத்தில் மெல்லிய தூரிகையால் கோடிழுங்கள். கண்முன்னே நீலம் வெளிர்மஞ்சளாகும். வேண்டிய அளவு வந்ததும் உடனே ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். தாமதித்தால் கோடு இருபக்கமும் ஊறி விரியும். பிறகு பால் விடாத திக்கான டீயை ஆறவைத்து, அதில் இருபது நிமிஷம் போட்டால் அழிந்த கோடுகள் பழுப்பும் கறுப்புமாகத் திரும்ப வரும். தாளும் கொஞ்சம் கறைபடும்.

வெயிலில் மாட்டி வெளிறிய சயனோடைப், சில நாள் இருட்டில் வைத்தால் நீலம் ஓரளவு மீளும். ஆல்பத்தில் வைப்பதானால் சுண்ணாம்புச் சத்து சேர்த்த ‘ஆசிட் ஃப்ரீ’ தாள்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். மற்றப் படங்களைக் காப்பாற்றும் அந்தத் தாள் இதைத் தின்றுவிடும்.

வாசல் கோலம் மறைவதை ஒரு தொடராக எடுத்து, அதில் வரையவும் வேண்டும். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, மயிலாப்பூர்

மாவை முதலில் முடிவு செய்யுங்கள். அரிசி மாவென்றால் எறும்பும் அணிலும் எடுத்துப்போகும், கோடு புள்ளி புள்ளியாக அரிபடும். கல்மாவென்றால் காலும் சக்கரமும் இழுத்து மேகமாக்கும். இரண்டும் இரண்டு விதமான மறதி.

கேமரா மாடிக் கைப்பிடியில், செங்குத்தாகக் கீழே பார்த்து. வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். ஃபோனில் திரையை நீண்ட நேரம் அழுத்தினால் பூட்டு விழும். வெயில் ஏற ஏற அளவு மாறுமே என்று கேட்பீர்கள். மாறட்டும், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானாகச் சரிக்கட்டுவதால் வரும் துடிப்பைவிட அது மேல். பத்து நிமிஷத்துக்கு ஒன்று போதும். மாலையில் எடுத்த கடைசிப் படத்தை வெளிறலாக அச்சிட்டு, மறுநாள் கோலம் போட்டவரிடமே கொடுத்து, முதல் படத்தைக் காட்டாமல், காணாமல்போன இழைகளை வெள்ளைப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கு தெரிந்தவர் கை தயங்காது. தயங்கும் இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அசையும் படமாக்க விரும்பினால் தென்னாப்பிரிக்கரான வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் முறை கைகொடுக்கும். ஒரே தாளில் கரியால் வரைவது, ஒரு படம் எடுப்பது, கொஞ்சம் அழித்துத் திருத்துவது, மறுபடி ஒரு படம். அழித்ததன் தடம் தாளில் தங்கிக்கொண்டே போகும். மரக்குச்சிக் கரிதான் இதற்குச் சரி. அழுத்திச் செய்த கரிக்கட்டி எளிதில் அழியாது. நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் பத்து நொடிக்கு 120. இரண்டு விளக்கு 45 பாகையில், ஜன்னல் மூடி. மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் குதிக்கும்.

காசே செலவில்லாமல் ஒன்று: கொலம்பியக் கலைஞர் ஆஸ்கார் முனோஸ் வெயிலில் காயும் கல்லின்மேல் வெறும் தண்ணீரால் ஒரு முகத்தை வரைந்து வீடியோ எடுத்தார். வாயை முடிப்பதற்குள் கண் காய்ந்துவிடும். திரும்பக் கண்ணுக்குப் போவார். நம் ஊர் மொட்டைமாடி மத்தியானத்தில் எதற்கும் குறைந்ததல்ல.

ஒரு செபியா ஃபில்டர் போட்டால் பழைய நினைவு வந்துவிடாதா?
– வாசகர், திருச்சி

ஃபில்டர் வரும். நினைவு வருமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மங்கும் படத்தைக் கண்காட்சியில் எப்படி வைப்பது? பின்னால் எதால் எழுதுவது?
– வாசகர், புதுச்சேரி

அருங்காட்சியகங்களில் ஒளிக்கு நொந்துபோகும் பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். போனில் லக்ஸ் அளக்கும் ஆப் தோராயமாகச் சொல்லும். மஞ்சள் படத்துக்கு அதுவும் அதிகம். முன்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கவிட்டு, பார்ப்பவரே விலக்கிப் பார்க்கட்டும். வைக்கும்முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுங்கள். விற்பதானால், இது மங்கும் என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கொடுங்கள். பிற்பாடு வரும் சண்டைக்கு அதுதான் மருந்து.

பின்பக்கம் பால்பாயின்ட் வேண்டவே வேண்டாம், முன்னால் மேடு தட்டும். ஆர்ட் பேப்பருக்கு 2பி பென்சில், லேசாக, ஓரத்தில்: செய்த தேதி, பொருள்கள், வெயில் நேரம். பாலிஎதிலீன் பூசிய லேப் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. நிறமி மைப் பேனாவால் எழுதி, ஐந்து நிமிஷம் காயவிட்ட பிறகு அடுக்குங்கள்.